தடாகவர்மரின் சறுக்குப் பலகை

தடாகவர்மர் என்று ஒரு ராஜா இருந்தார். மற்ற ராஜாக்களுக்கு வேட்டைப் பைத்தியம் என்றால் இவருக்குத் தண்ணீர்ப் பைத்தியம். காலுக்கொரு பலகையில் ஏறி நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்வார். மறுமுனை ஏரிக்கரையில் இரண்டு குதிரைகளிடம். குதிரைகள் பறக்கும், பலகைகள் சறுக்கும், ராஜா "ஹோய்!" என்று கூவுவார். அடுத்த நொடி பலகை ஒரு பக்கம், ராஜா ஒரு பக்கம்.

கால் கழலாமல் இருக்கப் பிரதான மந்திரி மழவராயர் கொல்லரை அழைத்து இரும்பு விலங்கு அடிக்கச் சொல்லிப் பலகையில் பொருத்தினார். அன்றைக்கும் ராஜா விழுந்தார். கால் கழலவில்லை. பலகை மேலே, தலை கீழே! அரை ஏரியைக் குடித்த பிறகுதான் கரைக்கு இழுத்துப் போட முடிந்தது.

மறுநாள் சபையில் ராஜா தும்மிக்கொண்டே சொன்னார். "நான் நிற்கிறவரை காலை இறுகப் பிடிக்க வேண்டும். விழுந்தால் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். அப்படி ஒரு காலணியைப் பலகையில் யார் பொருத்துவீர்கள்?"

அரசவையில் விகடம் சொல்லும் அஞ்சுகத்துக்கு ராஜா தலைகீழாகப் போன கோலம் கண்ணில் ஓடியது. களுக்கென்று சிரித்துவிட்டாள்.

மழவராயர் விடுவாரா? "சிரிக்கிறவளுக்குச் செய்யவும் தெரியும், மகாராஜா! மூன்று நாள் போதும். ஆனால் புதுசாக ஒரு முழம் நூல்கூடக் கிடையாது. அரண்மனைப் பழசிலேயே முடிக்கட்டும். முடியாவிட்டால் என் விலங்கை இவள் காலில் பூட்டி ஏரித் தண்ணீரில் ஒரு சுற்று இழுப்போம்."

"ஆகட்டும்" என்று ராஜா மறுபடி தும்மினார்.

அஞ்சுகத்துக்கு நீந்தத் தெரியாது. நேரே பழஞ்சாமான் அறைக்குள் புகுந்தாள். கிழிந்த சேணம் ஒன்று கிடைத்தது. அதை வெட்டிக் கால்விரலுக்கு ஓர் உறை, குதிகாலுக்கு ஓர் அணைப்பு செய்தாள். ஓட்டை மத்தளத்தின் வாரை உருவி அவற்றைப் பலகையோடு தைத்தாள். தானே மாட்டிக்கொண்டு நின்றாள். ஆகா, என்ன பிடிப்பு! வேண்டுமென்றே சாய்ந்து விழுந்தாள். "ஐயோ, என் கணுக்கால்!" பிடித்தது பிடித்தபடியே இருந்தது.

இரண்டு நாள் போயே போயிற்று. நொண்டிக்கொண்டே போய் ஒரு துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். மூட்டை வழுக்கி அவளைத் தொப்பென்று தரையில் தள்ளியது. கோபத்தோடு பிரித்தாள். உள்ளே பழைய பட்டுக் கச்சைகள். தடவிப் பார்த்தாள். சிரித்தாள். தரையில் உட்கார்ந்தபடியே கைதட்டினாள்.

குதிகால் அணைப்பிலிருந்த வாரை அறுத்துப் போட்டுவிட்டுக் கச்சையால் இழுத்துக் கட்டினாள். நின்றாள், இறுகப் பிடித்தது. விழுந்தாள், முடிச்சு நழுவிக் கால் வெளியே வந்தது. நூறு தடவை விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் "ஹோய்!"

மூன்றாம் நாள் ஊரே ஏரிக்கரையில். குதிரைகள் பறந்தன. ராஜா ஒரு சுற்று போனார், இரண்டு சுற்று போனார். மழவராயரின் முகம் சுருங்கியது. மூன்றாவது சுற்றில் ராஜா குஷியில் கையைத் தூக்கி ஜனங்களைக் கும்பிட்டார். தொப்! அஞ்சுகம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பலகைகள் தனியே மிதந்தன. ராஜா தலையில் அல்லித்தண்டோடு எழும்பி, "இன்னொரு தடவை!" என்று கத்தினார்.

கரையேறியதும் முத்துமாலையைக் கழற்றி அவள் கையில் போட்டார். "அஞ்சுகம், நிற்கிறவரை இப்படிப் பிடித்தது, விழுந்ததும் இப்படி விட்டது! எதனால் செய்தாய்?"

அஞ்சுகம் பணிவாகக் குனிந்தாள். "மந்திரிமார் கழித்துப் போட்ட இடைக்கச்சைகள், மகாராஜா. நீங்கள் நிற்கிறவரை விடமாட்டார்கள். விழுந்தால் ஒரு கணம் தங்கமாட்டார்கள்!"

ராஜா சிரித்த சிரிப்பில் மறுபடியும் ஏரிக்குள் விழுந்தார்.