ராஜா அடியெடுத்து வைக்கும் முன்

முன்னொரு காலத்தில், சதுரங்கப் பைத்தியம் பிடித்த ராஜா ஒருவர் இருந்தார். இலையில் சோறு ஆறிப்போனாலும் பலகையை விட்டு எழுந்திருக்க மாட்டார். அப்பேர்ப்பட்டவர் சில நாளாக நொண்டிக்கொண்டே நடந்தார். இருட்டில் தடுக்கி விழுந்த கால்! விழாமல் என்ன செய்வார், தீவட்டி பிடிக்கும் சொக்கனைத்தான் சிறையில் போட்டாயிற்றே! அரசர் அடியெடுத்து வைக்கும் முன் வேறு யாரும் அடியெடுத்து வைக்கக் கூடாது என்று மந்திரி கருடராயர் புதுச் சட்டம் கொண்டுவர, வெளிச்சம் காட்ட முன்னால் நடந்த சொக்கன் வசமாக மாட்டிக்கொண்டான்.

விகடகவி மாடப்பனுக்கு மனசு கேட்கவில்லை. சொக்கனை விடச்சொல்லி ராஜாவிடம் மன்றாடினான். மந்திரிக்கோ மாடப்பனைக் கண்டாலே ஆகாது. திருவிழாச் சதுரங்கப் போட்டியில் ராஜாவோடு ஆட அவனையே நிறுத்திவிட்டார்.

"பிரபு, தோற்றால் மாடப்பன் நாட்டை விட்டே போகவேண்டும். அவையின் சட்டமெல்லாம் பலகைக்கும் பொருந்தும். பலகையில் நிற்பவரும் ராஜாதான், அவரை மடக்குவது ராஜத்துரோகம்."

ஆட்டம் கிடைத்த குஷியில் ராஜா, "அப்படியே ஆகட்டும்!" என்றுவிட்டார்.

மாடப்பனுக்குப் பொறி புரிந்துவிட்டது. தோற்றால் ஊர் போச்சு, ஜெயித்தால் தலை போச்சு! அடப்பாவி மந்திரி என்று உள்ளுக்குள் திட்டித் தீர்த்தான். அப்புறம் மந்திரி சொன்னதையே இன்னொரு தரம் நினைத்துப் பார்த்தான். லேசாகச் சிரிப்பு வந்தது.

போட்டி நாளில் முதல் காயை நகர்த்த வேண்டியவன் மாடப்பன். அவனோ கைகட்டி உட்கார்ந்திருந்தான். சபை முணுமுணுத்தது.

"என்னப்பா, தூங்கிவிட்டாயா?" என்றார் ராஜா.

"இல்லை பிரபு. என் ராஜா அடியெடுத்து வைக்கட்டும் என்று காத்திருக்கிறேன். அவருக்கு முன்னால் ஒரு சிப்பாய் நகர்ந்தால் சிறை அல்லவா?"

"பித்தலாட்டம், பிரபு!" என்று மந்திரி குதித்தார்.

"அவையின் சட்டம் பலகைக்கும் பொருந்தும் என்றது தாங்கள்தானே, ஐயா?"

ராஜா பலகையை உற்றுப் பார்த்தார். "அட, உன் ராஜா எப்படியப்பா நகர்வார்? சுற்றிலும் காய்கள் அடைத்துக்கொண்டு நிற்கின்றனவே!"

"ஆமாம் பிரபு. முன்னால் ஒருவன் போனால்தான் ராஜாவுக்கே வழி கிடைக்கும். பாவம் சொக்கன், அவன் செய்ததும் அதுதானே?"

ராஜா ஒரு கணம் தன் அடிபட்ட காலைப் பார்த்தார். பிறகு தலைப்பாகை சரியும்படி சிரித்தார். சட்டம் அங்கேயே ரத்தானது. தந்தத்தால் செய்த அந்தப் பலகை மாடப்பனுக்குப் பரிசானது.

அன்று அந்தி சாய்ந்ததும் சொக்கன் தீவட்டியோடு முன்னால் நடந்தான். ராஜா சிரித்துக்கொண்டே பின்னால் போனார், ஓரிடத்திலும் கால் தடுக்கவில்லை.