ஆறுமுகநயினாரின் நிறம்

மேலப்பாளையத்தில் ஒரு மாடி அறையில், வீடியோக்களுக்கு நிறம் திருத்துகிற பெனாசிர் இருந்தாள். வயது முப்பத்திரண்டு. அவளிடம் பாடம் கேட்க வருகிறவர்களில் கொம்பையாதான் மூத்தவர், நாற்பத்தெட்டு. பாளையங்கோட்டையில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருந்தார். யாரிடமும் படிக்காமல் பார்த்துப் பார்த்தே தொழில் பழகியவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அன்று மதியம் இரண்டரை மணிக்கு கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் மாடி ஏறினார். பின்னால் இசக்கியம்மாள் ஏறினாள். கணவன் ஆறுமுகநயினார் இறந்து பதினாறாம் நாள். இன்று பொழுதுக்கும் வாசல் தாண்டக் கூடாது என்று சொந்தக்காரர்கள் தடுத்தும் வந்துவிட்டாள்.

ஐந்து மணிக்கு மண்டபத்தில் ஆறுமுகநயினாரின் படத்திறப்பு. மின்வாரியத்தில் முப்பது வருஷம் கம்பம் ஏறியவர். அவரைப் பற்றிய ஆறு நிமிட வீடியோ அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

“போட விட மாட்டேங்காங்க டீச்சர்” என்றார் கொம்பையா.

“இவரைப் போடாதீங்கன்னுதான் சொல்லுதேன்” என்றாள் இசக்கியம்மாள். “எங்க வீட்டுக்காரரைப் போடுங்க. இது யாரோ சோப்பு விளம்பரத்துல வாரவரு மாதிரில்லா இருக்கு.”

பெனாசிர் அவளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள்.

“என்ன ஆச்சு அண்ணாச்சி?”

“எடிட் பண்ணும்போது சரியா இருக்கு. முழு வீடியோவா எக்ஸ்போர்ட் பண்ணி போன்ல பார்த்தா வெளிறிப்போவுது. இங்க கூட்டுதேன், அங்க வேற மாதிரி வருது. இங்க குறைக்கேன், அங்க அதுக்கும் மேல. பதினோரு தடவை எக்ஸ்போர்ட் பண்ணிட்டேன். போஸ்டர்ல அரக்கா இருந்த, அவரு பேரு எழுதுன பட்டை வீடியோவுல செங்கல் நிறத்துல நிக்குது.”

அவர் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். போன் அடித்தது. இறந்தவரின் மகன்.

“வந்துட்டே இருக்கேன் தம்பி” என்று சொல்லி வைத்தார்.

“எங்க வந்துட்டே இருக்கீங்க?” என்றாள் பெனாசிர்.

அவர் நகத்தைக் கடித்தார்.

“கடைசியா எக்ஸ்போர்ட் பண்ணுன ஃபைலை எடிட்டுக்குள்ளயே திரும்பக் கொண்டு வாங்க. எடிட் மேல வச்சு, ஒண்ணுலேர்ந்து ஒண்ணைக் கழிங்க. எங்க வித்தியாசம் இருக்கோ அங்க மட்டும் வெளிச்சம் தெரியும்.”

பெட்டியை அவளுடைய மானிட்டரில் மாட்டிக் கழித்தார். திரை முழுக்கக் கறுப்பாக இருந்தது. மௌஸை ஆட்டிப் பார்த்தார்.

“ஒண்ணுமே தெரியலியே.”

“வித்தியாசமே இல்ல. உள்ள இருக்கதுதான் வெளிய போயிருக்கு. மானிட்டர் ஒரு மாதிரி காட்டுது, போன் ஒரு மாதிரி காட்டுது. இந்த வீடியோ எந்த நிறக் கணக்குல செஞ்சதுன்னு ஃபைல்ல குறிச்சு அனுப்பணும். நீங்க குறிக்கல. போன் அதுவா ஒண்ணு நினைச்சுக்கிடுது.”

“பட்டை?”

“அதை எங்க செஞ்சீங்க?”

“கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குச் செஞ்சதுதான். நேரம் இல்லைன்னு அப்படியே எடுத்துப் போட்டேன்.”

“அது அச்சு மைக்குச் செஞ்ச நிறம் அண்ணாச்சி. வீடியோவுக்கு மாத்துங்க.”

இரண்டையும் மாற்றினார். வியர்த்தது. பெனாசிர் திரையில் அடுக்கடுக்காக நின்ற திருத்தங்களைக் காட்டினாள்.

“இதெல்லாம்?”

“ஒவ்வொரு எக்ஸ்போர்ட்டுக்கும் ஒண்ணு சேர்த்தேன்.”

“எடுங்க.”

ஒவ்வொன்றாக எடுத்தார். மறுபடியும் எக்ஸ்போர்ட் செய்து போனில் போட்டார். போனையும் மானிட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பட்டை இரண்டிலும் அரக்காக இருந்தது. அப்போதுதான் உட்கார்ந்தார்.

“வந்துட்டு டீச்சர். ரெண்டும் ஒண்ணா வந்துட்டு.”

இசக்கியம்மாள் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“பட்டை நல்லா இருக்கு” என்றாள். “ஆளு இன்னும் அதே ஆளுதான்.”

கொம்பையா மறுபடி எழுந்துவிட்டார்.

“நிறமெல்லாம் சரியாயிட்டும்மா. இனி மாத்த ஒண்ணும் கிடையாது. மணி மூணே முக்கால் ஆவுது.”

“எல்லாரும் பார்க்கப் போறாங்கய்யா. யாரோ ஒருத்தருக்கு நான் மாலை போடவா?”

 பெனாசிர் திரையின் அடியில் விரலை வைத்தாள். அங்கே இன்னும் ஒரு அடுக்கு இருந்தது.

“இது என்ன அண்ணாச்சி?”

“அது எப்பவும் போடுதது.”

“என்னது?”

“மூஞ்சிக்கு. கொஞ்சம் வழவழன்னு, பளிச்சுனு தெரியும். பொண்ணு மாப்பிள்ளை எல்லாருக்கும் போடுததுதான். கேமராவுல இருந்து இறக்குன கையோட போட்டுருவேன். இருபது வருஷப் பழக்கம். அதுல தப்பு வராது.”

“போட்ட பிறகு எடுத்துப் பார்த்திருக்கீங்களா?”

“எதுக்கு எடுக்கணும்?”

பெனாசிர் மௌஸை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் அந்த அடுக்கை அணைத்தார்.

மகனின் கல்யாணத்தில் ஆறுமுகநயினார் கேமராவைக் கையால் தள்ளிச் சிரித்துக்கொண்டிருந்தார். கன்னங்கரேலென்று இருந்தார். ஹெல்மெட் மறைத்த நெற்றி மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெளுத்திருந்தது. கன்னத்தில் நரைமுடி குத்திட்டு நின்றது. அதுவரை செய்த பன்னிரண்டு எக்ஸ்போர்ட்டிலும் அந்த வெளுத்த கோடு இல்லை, அந்த முடியும் இல்லை.

இசக்கியம்மாள் நாற்காலியை மானிட்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“சவரம் பண்ணிட்டு வாங்கன்னு அன்னைக்கே சொன்னேன்” என்றாள். “கேட்டாத்தானே.”

கொம்பையா எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினார். ஓடுகிற கோட்டை அவர் பார்க்கவில்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டு எடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கேன் டீச்சர். இது நாங்க இல்லைன்னு ஒருத்தர்கூட வந்து நின்னதில்லையே.”

பெனாசிர் சொன்னாள்:

“அவங்களுக்கெல்லாம் வீட்டுல அசல் ஆளே இருந்தாங்க அண்ணாச்சி.”