முப்பத்தைந்து லிட்டர் டாங்கி

செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் செல்லக்கனி. பூவலிங்கத்துக்கு வயசில் இளையவள்தான். ஆனாலும் நாற்பது தாண்டின பிறகு அவளிடம்தான் அவர் ஸ்டீயரிங் பிடிக்கப் படித்தார். அதனால் அவருக்கு அவள் வாத்தியாரம்மா. அவளுக்கு அவர் அண்ணாச்சி.

மனைவி சந்தனமாரியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில், தாடியும் கசங்கின சட்டையுமாக அவர் தான் ஓட்டும் வாடகைக் காரில் வந்து நின்றார்.

"வாத்தியாரம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"சந்தனமாரி பொழைச்சிருப்பாளா?"



நடந்தது அவளுக்கும் தெரியும். அந்த வாடகைக் காருக்கு டிரைவர் ரெண்டு பேர். ஒருநாள் பூவலிங்கம், மறுநாள் சுடலைக்கண்ணு. முதலாளி வண்டியைத்தான் கொடுப்பார், பெட்ரோல் அவரவர் பாடு. நாம ஊத்தினதில் அவன் எதுக்கு ஓட்டணும் என்று இவர் நினைப்பார். அவனும் அப்படியே. ஓடுகிற ஓட்டத்துக்கு மட்டும் ஊற்றி, பெட்ரோல் முள் தரை தட்டினதும் வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

முப்பத்தைந்து லிட்டர் கொள்ளுகிற டாங்கி. அது பாதி நிறைந்துகூட ஒருத்தரும் பார்த்ததில்லை. "ஒங்க காருக்கு டாங்கி எதுக்குவே, ஒரு சோடா பாட்டிலைக் கட்டித் தொங்கவிடுங்க" என்று ஸ்டாண்டில் கேலி பேசுவார்கள். பூவலிங்கத்துக்கு அதில் பெருமைகூட உண்டு. அடுத்தவனுக்கு ஒரு மடக்கு மிஞ்சாமல் கணக்காக ஓட்டி நிறுத்துவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது.

பெட்ரோல் தீரப்போவதைச் சொல்கிற மஞ்சள் விளக்கு எரியாத நாளே அந்த வண்டிக்கு இல்லை. அது எரிந்தால் பயப்பட வேண்டும் என்பதே ரெண்டு பேருக்கும் மறந்துபோயிற்று.

அன்றைக்கு அவர் வெளியூரில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். மத்தியானம் சந்தனமாரிக்கு நெஞ்சுவலி. சுடலைக்கண்ணுதான் அவளைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்திக்கொண்டு பறந்தான். பங்க் இருப்பது ஊருக்குக் கிழக்கே. ஆஸ்பத்திரி மேற்கே, தேரி தாண்டி. செம்மணல் நடுவில் வண்டி ரெண்டு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது. போன் போட்டான். பாட்டிலில் பெட்ரோல் வந்தது, ஆம்புலன்சும் வந்தது. அவள்தான் இல்லை.

"முள்ளைப் பாக்காம எடுத்துட்டான் பாவி" என்றார் பூவலிங்கம். "மச்சினன்மாரு அவனை அடிச்சே போட்டாங்க. சாவியைக் குடுத்துட்டு ஊரை விட்டே போயிட்டான்."

"முந்தின நாள் வண்டியை விட்டது யாரு?"

அவர் தரையைப் பார்த்தார். "நாந்தான்."

"எவ்வளவு விட்டீங்க?"

"எப்பவும் விடுதது போலத்தான்."

"அதை மச்சினன்மாருகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல." அவரே தொடர்ந்தார்: "சீக்கிரமா கொண்டாந்திருந்தாலும் பொழைச்சிருப்பான்னு சொல்ல முடியாதுங்காரு டாக்டரு. அதை நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க வாத்தியாரம்மா. நீங்க சொன்னா நம்பிருவேன்."

செல்லக்கனி செருப்பை மாட்டினாள். "வண்டியை எடுங்க."

கிழக்கே பங்க்குக்குப் போகச் சொன்னாள். அவர் வாய் தானாக "ரெண்டு லிட்டர்" என்றது.

"ரொப்பச் சொல்லுங்க."

ரொம்ப நேரம் இறங்கியது. அந்த டாங்கி இவ்வளவு குடிக்கும் என்று அவருக்குத் தெரியாது. சாவியைத் திருகினதும் முள் எழுந்து எழுந்து, அவர் ஒருநாளும் பார்த்திராத இடத்தில் போய் நின்றது. மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது.

"இனி மேற்கே விடுங்க."

தேரி வந்தது. அந்த இடமும் வந்தது. அவர் கால் பிரேக்கைத் தேடியது. "நிக்காதீங்க" என்றாள். நிற்காமல் போனார்கள். கண்ணீரில் ரோடு தெரியவில்லை, துடைத்துத் துடைத்து ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தச் சொன்னாள்.

"முள்ளு எறங்கிருக்கா, பாருங்க."

பார்த்தார்.

"அசையவே இல்ல."

"இவ்வளவு தூரந்தான் அண்ணாச்சி."

ஸ்டீயரிங்கின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். உள்ளே போகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை.

"அப்போ பொழைச்சிருப்பாளா?"

"எனக்கென்ன தெரியும்? இந்த வாசலுக்குள்ள வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைத் துடைத்து நிமிர்ந்தார்.

"இனிமே இந்த டாங்கி நெறஞ்சேதான் இருக்கும் வாத்தியாரம்மா. அவ மேல சத்தியம். ஒரு நாளும் காயவிட மாட்டேன்."

செல்லக்கனி திரும்பிக் காலியாகக் கிடந்த பின்சீட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"யாருக்கு அண்ணாச்சி?"