முடி இறக்கும் நாள்

காலையிலிருந்தே மாசிலாமணிக்கு நெஞ்சு படபடத்தது. மணிக்கட்டில் கட்டியிருந்த வாட்ச் துடிப்பின் எண்ணைக் காட்டியது. பார்த்ததும் எண் இன்னும் ஏறியது.

ஆயுளை நீட்டும் காயகற்பம் சாப்பிட மலையடிவார ஆசிரமத்துக்கு வந்தவன் சீடனாக அங்கேயே தங்கிவிட்டான். உப்பு இல்லை, புளி இல்லை, வெயில் இல்லை. கூட்டம் இல்லவே இல்லை.

வாசலில் தங்கை வடிவு நின்றிருந்தாள்.

“அண்ணே, நாளைக்குக் கோயில்ல பையனுக்கு மொட்டை. இந்தத் தடவையும் நீ வரலேன்னா வேற யார் மடியிலயாவது உட்கார வச்சிருவேன்.”

முதல் முடி தாய்மாமன் மடியில்தான் இறக்க வேண்டும். அவனுக்காகத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, அவள் மகன் ரெட்டைச் சடையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

“பத்தியம் முடியட்டும் வடிவு.”

“முடியும் முடியும். அதுக்குள்ள எம் பையனைப் பொண்ணு பார்க்க வந்துருவாங்க.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே போனான்.

குரு அங்கயற்கண்ணி கல்வத்தில் மருந்து அரைத்துக்கொண்டிருந்தார். அவனைவிட வயதில் இளையவர்.

“அம்மா, நான் போகலாமா? அத்தனை பேர் மூச்சு. யாருக்கு என்ன சளியோ. பந்தியில என்ன எண்ணெயோ.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, வாட்சைக் கழற்றச் சொன்னார். மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தார். கண்ணை மூடினார். வெகு நேரம் திறக்கவில்லை. அந்த முகத்தில் ஏதாவது சுருங்குகிறதா என்று அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“கெட்டதா ஏதும் தெரியுதாம்மா?”

“மருந்து எப்போ நிறுத்தினேன்?”

“தை மாசம்.”

“இது ஆவணி. இன்னும் எதுக்குப் பத்தியம்?”

“விடப் பயமா இருக்கும்மா.”

அவர் கையை விட்டார். வாசலில் வடிவு செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது.

“மறைக்காம சொல்லுங்கம்மா. போனா ஆயுள் குறையுமா?”

“குறையும்.”

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“எவ்வளவு?”

“ஒரு நாள்.”

“ஒரு நாளா?” மூச்சு கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. “போகலேன்னா அது மிச்சம்தானே?”

கதவு கிறீச்சிட்டது. வடிவு படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

குரு குழவியை எடுத்து மறுபடி அரைக்கத் தொடங்கினார்.

“போகாட்டியும் ஒரு நாள் குறையும்.”