மூக்காண்டி சாமி தூக்கிய கை

நொச்சிக்குளம் மடத்துக்கு ஒரு கார் இருந்தது. பக்தர் ஒருவர் புதுக் கார் வாங்கியபோது பழையதை மடத்துக்குத் தள்ளிவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டார். என்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. உள்கூரையில் ஒட்டியிருந்த துணிதான் பிடிப்பு விட்டுத் தலையில் தொங்கியது.

மடத்தின் குரு மூக்காண்டி சாமிக்கு நாற்பது வயது. காரை ஓட்டிய சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு ஞானம் தேடி வந்தவர். சீடர் குருவை சாமி என்பார். குரு சீடரை அண்ணாச்சி என்பார்.

துணியை நிறுத்த ஊக்கு குத்திப் பார்த்தார்கள். ஓர் ஊக்கு சாமியின் மோர்த் தம்ளரில் விழுந்தது. அதன்பின் சாமி ஊக்கை நம்பவில்லை. முன் இருக்கையில் உட்கார்ந்து, வலது கையை விரித்துத் துணியைத் தாங்கிக்கொண்டே தினமும் பயணம் செய்தார். எந்த நேரமும் கண் மேலேயே இருக்கும்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் துணி தெரியவில்லை. தூக்கிய கை மட்டும் தெரிந்தது. வயலில் நின்றவர்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கும்பிட்டார்கள். சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்றார்கள். ஒரு மணல் லாரிகூட ஒதுங்கி வழிவிட்டது. மணல் லாரி ஒதுங்குவது சாதாரண விஷயமா?

ஆவுடையப்பனுக்கு இது உறுத்தியது.

“சாமி, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க அண்ணாச்சி.”

“நீங்க துணியத் தாங்குதீய. சனம் ஆசீர்வாதம்னு கும்பிடுது. இது பொய் இல்லியா?”

சாமி யோசித்தார். யோசிக்கும்போதும் கையை இறக்கவில்லை. இறக்கினால் துணி முகத்தை மூடிவிடும்.

“பொய்தான்,” என்றார். “துணிய மாத்திருவோம்.”

ஆவுடையப்பன் பெரிய விளக்கம் ஒன்றை எதிர்பார்த்திருந்தார். கிடைத்தது ஒரு வேலை.

தென்காசியில் சீட் கவர் கடையில் சாம்பல் நிறத் துணி கேட்டார். இளநீலம்தான் இருந்தது. அதையும் பசை டப்பாவையும் வாங்கி வந்தார்.

மடத்து முற்றத்தில் காரை நிறுத்தினார்கள். உள்ளே இருந்த விளக்கையும் கைப்பிடிகளையும் கழற்றி, கூரை அட்டையைப் பின்கதவு வழியாக வெளியே இழுத்தார்கள். துணிக்குப் பின்னால் இருந்த ஸ்பாஞ்சு மாவாகிப் போயிருந்தது. சுரண்டச் சுரண்ட மஞ்சள் தூள் பறந்தது. கொஞ்ச நேரத்தில் குருவும் சீடரும் மஞ்சள் அரைக்கும் மில்லில் வேலை பார்த்தவர்கள் போல ஆனார்கள்.

“சாமி, தாடியத் தட்டுங்க.”

“ஒங்களுக்குப் புருவத்தையே காணோம் அண்ணாச்சி.”

இருவரும் சிரித்த சிரிப்பில் மடத்துச் சமையற்காரர் கரண்டியோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

அட்டையிலும் துணியிலும் பசை தடவினார்கள். பசை விரலில் ஒட்டாத பதத்துக்கு வரும்வரை காத்திருந்தார்கள். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி நீவி ஒட்டினார்கள். ஒரு சுருக்கம் இல்லை. அட்டையைத் திரும்பவும் கூரையில் மாட்டினார்கள். ஆவுடையப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று ராத்திரி படுக்கப் போகுமுன் இன்னொரு தடவை கார்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை சாமி கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கும்பிட எழுந்த கைகள் வழிநெடுகப் பாதியில் நின்றன. ஆவுடையப்பன் அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல ஓட்டினார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கார் நின்றது. அங்கே வெள்ளரிப்பிஞ்சு விற்கும் செண்பகவல்லி கூடையோடு ஓடி வந்தாள்.

“சாமி, நான் என்ன தப்பு செஞ்சேன்?”

“ஏன் தாயி?”

“தெனம் என்னப் பாத்துக் கை தூக்குவீய. அத நம்பித்தான் இட்லிக் கட போடத் துணிஞ்சேன். வார வெள்ளிக்கெழம தொறக்கணும். இன்னைக்கிக் கைய இறக்கிட்டீய. ஆகாதுன்னுதான அர்த்தம்? வாங்குன அடுப்பத் திருப்பிக் குடுத்திருதேன்.”

ஆவுடையப்பன் என்ஜினை அணைத்தார். உண்மையைச் சொன்னால் அவள் கடை போய்விடும். சொல்லாவிட்டாலும் போய்விடும். வாய் தானாகத் திறந்துகொண்டது.

“யம்மா, அது ஆசீர்வாதம் இல்ல. இங்க மேல துணி தொங்கிக்கிட்டு இருந்துச்சு. சாமி அதத் தாங்கிட்டு வந்தாவ. நேத்துதான் புதுசு ஒட்டுனோம்.”

செண்பகவல்லி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி இளநீலத் துணியைப் பார்த்தாள். கூட்ஸ் வண்டி வந்தது. அது கடந்து போனதும் தலையை வெளியே எடுத்தாள்.

“அப்பம் நான் தெனம் கும்பிட்டது ஒரு துணியவா?”

“நானும் தெனம் அதத்தான் கும்பிட்டேன் தாயி,” என்றார் சாமி. “மூஞ்சியில விழுந்திராத, விழுந்திராதன்னு.”

அவள் வெடித்துச் சிரித்தாள். கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“துணிய நம்பியா எங்க அண்ணங்கிட்ட சண்ட போட்டுக் கடைக்கி எடத்த வாங்குனேன்!”

“அண்ணன் குடுத்துட்டாரா?”

“குடுக்காம? நான் போட்ட சத்தத்துல தெருவே கூடிட்டுல்லா!” மறுபடி சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “போகட்டும். ஒரே ஒரு தரம் நெசமாவே தூக்கிருங்க சாமி. கடயத் தொறந்திருதேன்.”

சாமி அவளைப் பார்த்தார். கையைத் தூக்கினார். விரல்கள் கூரையில் பதிந்தன.

“சாமி, பச இன்னும் காயல!” என்று அலறினார் ஆவுடையப்பன்.

சாமி கையை எடுக்கவில்லை. அவள் கும்பிட்டு முடிக்கும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட் திறந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

“வெள்ளிக்கெழம மொத ஈடு இட்லி ஒங்களுக்குத்தான் சாமி. அண்ணாச்சியும் வரணும்!” என்று சொல்லிவிட்டு, இரண்டு பிஞ்சுகளைச் சாமியின் மடியில் போட்டாள்.

கார் நகர்ந்தது. ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். புதுத் துணியில் ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தன. வருத்தப்பட நினைத்தார், வரவில்லை. சிரிப்புதான் வந்தது.

“சாமி, அன்னைக்கித் தூக்குனதும் இதே கைதான். இன்னைக்கித் தூக்குனதும் இதே கைதான். என்ன வித்தியாசம்?”

சாமி ஒரு வெள்ளரிப்பிஞ்சை அவரிடம் நீட்டினார். இன்னொன்றைத் தாம் கடித்தார்.

“அந்தம்மாவுக்கு முன்பல்லு ஒண்ணு கெடையாது அண்ணாச்சி,” என்றார். “தெனம் இந்த வழியாத்தான் போறோம். எனக்கு இன்னைக்கித்தான் தெரியும்.”