ஆமையின் பின்னால் நடந்த கடமான்

கருங்கல்மேட்டுக் காட்டில் ஒரு கடமான் இருந்தது. வயதில் பாதிக்கு மேல் கடந்துவிட்டது. கொம்புகள் இன்னும் கம்பீரமாகத்தான் இருந்தன. கழுத்து மயிரில் மட்டும் நரை விழுந்திருந்தது. எங்கே நின்றாலும் எதையோ நினைத்துக்கொண்டே நிற்கும்.

"என்ன மாமா, புல் வாயிலேயே இருக்கிறது! மெல்ல மறந்துவிட்டீர்களா?" என்று முயல் கேலி செய்யும்.

"பழைய வழியை நினைத்துக்கொண்டிருந்தேன்" என்று கடமான் சொல்லும்.

பழைய வழி என்பது மேட்டிலிருந்து குளத்துக்குப் போன ஒற்றையடிப் பாதை. குட்டியாக இருந்தபோது கடமான் அம்மாவின் வாலைப் பார்த்துக்கொண்டே அதில்தான் தண்ணீருக்குப் போகும். முயல், முள்ளம்பன்றி, கீரி, ஆமை எல்லாம் அதே பாதையில் வரிசையாக நடக்கும். யாரும் யாரையும் முந்துவதில்லை. குளம் வருவதற்குள் காட்டுச் செய்தி முழுவதும் பேசி முடிந்துவிடும்.

பிறகு காட்டெருமைகள் வந்தன. முதலில் நான்கு. சில வருஷங்களில் நாற்பது. காலையும் மாலையும் அவை குளத்துக்கு ஓடின. ஒற்றையடிப் பாதை அகலமான புழுதிச் சாலையாகிவிட்டது. மழையில் பழைய பாதையின் மிச்சமும் கரைந்தது.

சிறிய பிராணிகள் புதர்களுக்குள் ஒதுங்கின. முயலுக்குப் புல்லுக்குள் ஒரு துண்டு வழி. முள்ளம்பன்றிக்கு அத்திமரம் வரை ஒரு துண்டு வழி. கீரிக்குக் கரையான் புற்றுகளுக்கு நடுவே ஒரு துண்டு. ஒன்று இன்னொன்றோடு சேரவில்லை. குளத்துக்குப் போக வேண்டுமானால் எங்காவது சாலையைக் கடந்துதான் ஆக வேண்டும்.

முயல் பாய்ந்து கடந்துவிடும். கீரி நழுவிவிடும். ஆமை என்ன செய்யும்? போன கோடையில் ஆமையின் தங்கை கடக்கப் பார்த்தது. அதன் உடைந்த ஓடு இன்னும் சாலையோரத்தில் கிடக்கிறது. அதன் பிறகு ஆமை மேட்டிலிருந்த பாறைச் சுனையை நம்பியே இருந்தது. இந்தக் கோடையில் சுனையும் வற்றத் தொடங்கியது.

ஆமை எல்லாரையும் அத்திமரத்தடிக்கு அழைத்தது.

"சுனையில் இன்னும் பத்து நாளுக்குத்தான் தண்ணீர். குளம் வரைக்கும் எனக்கு ஒரு வழி வேண்டும்!" என்றது.

காட்டெருமைத் தலைவன் அசைபோட்டபடியே கேட்டது. "வழிதானே? காடு பெரிது. போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் சாலையில் மட்டும் கை வைக்காதீர்கள்!"

கடமான் துள்ளி முன்னால் வந்தது. பல வருஷங்களாக அது அப்படித் துள்ளியதில்லை.

"நான் போடுகிறேன்! பழைய வழி எனக்கு அடிக்கு அடி நினைவிருக்கிறது. கண்ணை மூடினால் நேற்று நடந்தது போல இருக்கிறது!"

"கண்ணைத் திறந்தும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் அண்ணே!" என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. சாணி உருட்டும் வண்டுதான் அது. உருண்டையைப் பின்னங்கால்களால் தள்ளி, தலைகீழாக, பின்பக்கமாகவே நடக்கும் பிராணி. யாரும் அதன் பேச்சைக் கவனிக்கவில்லை.

மறுநாளே வேலை தொடங்கியது. காட்டுப்பன்றி வேர்களைக் கிண்டி எடுத்தது. முயல் புல்லைக் கடித்துத் தள்ளியது. கடமான் முன்னால் நின்று வழி காட்டியது.

"இங்கே அம்மா திரும்புவாள். இந்தச் சாய்ந்த பாறையை இடது பக்கமாகச் சுற்றுவாள். ஆ, இந்த நாவல் மரம்! இதன் அடியில் நின்றுவிட்டுத்தான் போவாள். வழி இதைத் தொட்டுத்தான் போக வேண்டும்!"

நாவல் மரத்தடியில் கடமான் வெகு நேரம் நின்றது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பன்றி மூக்கால் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தது. பிறகு மெல்லக் கேட்டது.

"அண்ணே, மரத்தைத் தாண்டியதும் எருமைச் சாலை குறுக்கே போகிறதே?"

"அந்தக் காலத்தில் இங்கே சாலை கிடையாது" என்றது கடமான். இரண்டே தாவலில் சாலையைக் கடந்து, அந்தப் பக்கத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தது.

ஆறு நாளில் வழி தயாராகிவிட்டது. வளைந்து வளைந்து, நிழலும் வெயிலுமாக, பார்க்கவே அழகாக இருந்தது.

"பிரமாதம் மாமா!" என்றது முயல். "இந்த மாதிரி வழி எந்தக் காட்டிலும் கிடையாது!"

"நீ இதில்தானே குளத்துக்குப் போவாய்?"

"நான் என் புல்லுக்குள்தான் போவேன். அதற்காக இது பிரமாதம் இல்லையென்று ஆகிவிடுமா?"

ஏழாம் நாள் காலையில் ஆமை புறப்பட்டது. துணைக்கு வண்டும் தன் உருண்டையோடு கூடவே வந்தது. சாய்ந்த பாறை வரை சுகமாக நடந்தார்கள். நாவல் மர நிழலில் இளைப்பாறினார்கள். பிறகு சாலை வந்தது. ஆமை இரண்டு பக்கமும் பார்த்தது. யாரும் இல்லை. இறங்கி நடந்தது.

பாதிச் சாலை வந்தபோது தரை அதிர்ந்தது.

"ஓடுங்கள் அக்கா!" என்று வண்டு கத்தியது.

ஆமை எங்கே ஓடும்? தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. நாற்பது எருமைகள் அதன் மேலும் பக்கத்திலுமாகப் பாய்ந்து போயின. ஒரு குளம்பு ஓட்டின் ஓரத்தில் பட்டுத் தெறித்தது. புழுதி அடங்கியபோது ஆமை நாலு முழம் தள்ளி மல்லாந்து கிடந்தது. ஓட்டின் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. வண்டின் உருண்டை தரையோடு தரையாகிவிட்டது.

கடமான் ஓடி வந்து மூக்கால் ஆமையைப் புரட்டி நிமிர்த்தியது.

ஆமை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னது: "அழகான வழி, தம்பி. சாவதற்குப் போகும்போது பார்த்துக்கொண்டே போகலாம்!"

திரும்பி, வந்த வழியே மேட்டுக்கு நடந்தது. சுனையில் இன்னும் நாலு நாள் தண்ணீர்தான் இருந்தது.

அன்று மாலை கடமான் நாவல் மரத்தடியில் தனியாக நின்றது. 'நான் யாருக்காக இந்த வழியைப் போட்டேன்? ஆமைக்காகவா? எனக்காகவா?' ஆமைக்காக என்று சொல்லிப் பார்த்தது. அதற்கே நம்பிக்கை வரவில்லை.

வண்டு புதிய உருண்டை ஒன்றைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தது. "நான் பின்பக்கமாக நடப்பது இந்த உருண்டைக்காக. நீங்கள் எதற்காக அண்ணே பின்பக்கமாகவே நடக்கிறீர்கள்?"

கடமானுக்குக் கோபம் வரவில்லை. அது பொழுது விடியக் காத்திருந்து, நேராகச் சுனைக்குப் போனது.

"அக்கா, நீங்கள் முன்னால் நடங்கள். நான் பின்னால் வருகிறேன்."

"எதற்கு? இன்னொரு குளம்படி வாங்கித் தரவா?"

"வழி சொல்ல இல்லை. பார்க்க மட்டும்."

"நான் நடப்பதைப் பார்த்தால் உனக்குத் தூக்கம் வரும்!"

"வரட்டும் அக்கா."

ஆமை நடந்தது. கடமான் ஓர் அடி எடுத்து வைத்தது; பிறகு காத்திருந்தது. இன்னோர் அடி, மறுபடி காத்திருந்தது. கால்கள் துடித்தன. காத்திருந்த நேரத்தில் வேறு வேலை இல்லாததால் தரையைப் பார்த்தது. தன் வழியில் விரல் கனம் வேர் ஒன்று குறுக்கே கிடந்தது. ஆமைக்கு அது சுவர். ஓர் இடத்தில் நிழலே இல்லை. அங்கே கல் கொதித்தது. வண்டும் வந்து சேர்ந்துகொண்டது. உருண்டை தானாக உருண்டு ஓடும் இடத்திலெல்லாம், "இங்கே சரிவு அண்ணே! இங்கே சரிவு!" என்று கூவிக்கொண்டே துரத்திப் போனது.

உச்சி வெயிலில் சாய்ந்த பாறைக்கு வந்தார்கள். ஆமை இடது பக்கமாகத் திரும்பியது. அம்மா திரும்பிய அதே இடத்தில்.

"அக்கா, ஏன் இப்படிச் சுற்றுகிறீர்கள்?"

"பின்னே? பாறை மேல் ஏறவா? சின்னக் கால்களுக்கு இந்தப் பக்கம்தான் சரிப்படும்."

கடமான் நின்றுவிட்டது. அந்தப் பாறையை அம்மா ஒரே தாவலில் தாண்டியிருப்பாள். அவள் ஏன் சுற்றினாள்? நாவல் மரத்தடியில் அவள் ஏன் நின்றாள்? அவளுக்கா களைப்பு? பின்னால் முருங்கைக் குச்சி போல நாலு கால்களோடு ஒரு குட்டி மூச்சிரைத்துக்கொண்டு வந்தது. அந்தக் குட்டியின் கால்களுக்காகத்தான் அவள் வழியை வளைத்திருக்கிறாள். 'வளைவுகளை எல்லாம் நான் நினைவில் வைத்துக்கொண்டேன். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்ததை எப்படி மறந்தேன்?'

"என்ன தம்பி, தூங்கிவிட்டாயா?" என்று ஆமை கேட்டது.

"இல்லை அக்கா. நடங்கள்."

சாலை தெரிந்ததும் ஆமை நின்றது. தலையைப் பாதி ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. "இதற்கு மேல் நான் வரமாட்டேன். நீ இரண்டு தாவலில் போய்விடுவாய். எனக்கு இதைக் கடக்க நூறு மூச்சு வேண்டும்."

கடமான் வண்டைப் பார்த்தது. "நீ தினமும் எருமைச் சாணி எடுக்கிறாயே, உன்னை ஏன் அவை மிதிப்பதில்லை?"

"நான் ஓடுகிற எருமையிடம் போவேனா? நிற்கிற எருமையிடம்தான் போவேன்!"

"எங்கே நிற்கும்?"

"அங்கே, சாலையில் இருக்கும் உப்புமண் மேட்டில். ஓடி வந்த வேகத்தில் அங்கே நின்று தலையைக் குனிந்து நக்க ஆரம்பித்தால், நிழல் ஒரு முழம் நகர்கிற வரை அசையாது. கால்களுக்கு நடுவே புகுந்து உருண்டை பிடித்துக்கொண்டு வந்துவிடுவேன்!"

உப்புமண் மேடு நாவல் மரத்திலிருந்து வெகு தூரம் தள்ளி இருந்தது. அந்த வழியாகப் போனால் நாவல் மரம் கண்ணில்கூடப் படாது. கடமான் மரத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது.

"வழியை அந்தப் பக்கம் திருப்புவோம்" என்றது.

"அப்போது நாவல் மரம்?" என்று வேலைக்கு வந்த பன்றி கேட்டது.

"மரம் நடந்து போகாது. நடக்கிறவர்களுக்குத்தான் வழி."

பிறகு கடமான் காட்டெருமைத் தலைவனிடம் போனது. "தலைவரே, உப்பு நக்கும்போது உங்கள் காலடியில் சிலர் கடந்து போவார்கள். அவர்கள் கடந்து முடியும் வரை கிளம்பாதீர்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்."

"உப்பு நக்கும்போது எங்களுக்கு என்ன அவசரம்?" என்றது தலைவன். பிறகு, "நாங்கள் யாரையும் மிதிக்க வேண்டும் என்று ஓடுவதில்லை. ஓடும்போது கீழே தெரிவதில்லை" என்றது.

"தெரியும் தலைவரே. தாவும்போது எனக்கும் தெரியவில்லை."

இரண்டு நாள் எல்லாரும் வேலை செய்தார்கள். குறுக்கே கிடந்த வேர்களை எடுத்தார்கள். கொதித்த கல்லின் பக்கத்தில் நிழல் விழும்படி வழியை ஒதுக்கினார்கள். மூன்றாம் நாள் காலையில் சுனையில் சேறுதான் மிஞ்சியிருந்தது. ஆமை புறப்பட்டது.

உப்புமண் மேட்டில் நாற்பது எருமைகளும் தலையைக் குனிந்து நின்றன. ஆமை ஒரு கணம் தயங்கியது. பிறகு தூண்கள் போன்ற கால்களுக்கு நடுவே நடந்தது. ஓர் இளம் எருமை கிளம்பக் காலைத் தூக்கியது.

"நில்லடா!" என்று தலைவன் உறுமியது. பிறகு தன் மூக்குக்குக் கீழே ஊர்ந்துகொண்டிருந்த ஆமையை உற்றுப் பார்த்தது. "நிதானமாகப் போ அம்மா. உன்னை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை!"

நூறு மூச்சில் ஆமை மறுபக்கம் ஏறிவிட்டது. குளக்கரையில் மட்டும் ஒரு சின்னப் பிசகு. வண்டின் உருண்டை விர்ரென்று உருண்டு தண்ணீரில் விழுந்துவிட்டது. "இங்கேயும் சரிவு! என் சாப்பாடு போயிற்று!" என்று வண்டு அலறியது. கூட வந்திருந்த பன்றி அங்கேயே கரைச் சரிவைக் குறைத்துக் கொடுத்தது.

ஆமை இறங்கியது. கழுத்தை நீட்டிக் குடித்தது. குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு முள்ளம்பன்றி வந்து கேட்டது: "அண்ணே, என் துண்டு வழியையும் இதோடு சேர்த்துவிடுங்களேன்!" கடமான் முள்ளம்பன்றியின் பின்னால் ஒரு நாள் நடந்தது. அடுத்து கீரி கேட்டது. அதன் பின்னாலும் நடந்தது. முயல்கூட ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து நின்றது. துண்டு துண்டாகக் கிடந்த வழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து காடு முழுவதும் பரவின.

நாவல் மரத்தடியில் போட்ட முதல் வழியில் புல் முளைத்து மூடிவிட்டது. பழம் உதிரும் காலத்தில் கடமான் மட்டும் அங்கே போய்க் கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு திரும்பி வந்து, குளத்துக்குப் போகும் வரிசையில் ஆமைக்குப் பின்னால் சேர்ந்துகொள்ளும். குளம் வருவதற்குள் காட்டுச் செய்தி முழுவதும் பேசி முடிந்துவிடும்.

எல்லாருக்கும் வழி போட நினைப்பவர், தம் பழைய நினைவுகளின் பின்னால் போகாமல், அந்த வழியில் எல்லாரையும்விட மெதுவாக நடக்கப்போகிறவரின் பின்னால் நடந்து பார்க்க வேண்டும்.