படத்தில் இல்லாத மூடி

பூவரசு நகரில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே கிடையாது. அத்தனை பேரும் ஒரே நலச்சங்கத்தில் போய்ச் சேர்ந்ததுதான் நகருக்குப் பிடித்த சனி.

நகரின் நடுவில் பூங்கா என்று ஓர் இடம். பூங்கா என்று போர்டு இருந்ததால் தெரியும். உள்ளே வேலிக்கருவையும், நகருக்கே தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் ரூமும் இருந்தன. ரூமுக்கு முன்னால் தரையோடு தரையாக, மோட்டார் தண்ணீர் இழுக்கிற தொட்டி, ஆள் முங்குகிற ஆழம். அதன் மூடி போன மழையில் உடைந்து உள்ளே விழுந்துவிட்டது.

பூங்காவுக்கு எதிர்வீட்டு ஜெசிந்தாவின் மகன் ரெமிக்கு நடக்கத் தெரியாது. எடுத்த எடுப்பில் ஓட்டம்தான். கதவு கொஞ்சம் திறந்திருந்தால் போதும், நேரே தொட்டியைப் பார்த்து ஓடுவான். சோறு வடிக்கும்போதும் அவளுக்கு ஒரு கண் வாசலில். கஞ்சி காலில் கொட்டாத நாள் குறைவு. சங்கத்திடம் அவள் கேட்டது ஒன்றுதான், தொட்டிக்கு ஒரு மூடி.

சங்கம் வெறும் மூடியோடு நின்றுவிடுமா? பூங்காவையே சீரமைப்பது என்று கிளம்பியது. நகராட்சி இன்ஜினியர் வந்து ஒரு கலர்ப்படத்தை மோட்டார் ரூம் சுவரில் ஒட்டினார்.

"இதுல இருக்கிறதெல்லாம் இருக்கணும். இல்லாதது எதுவும் இருக்கக் கூடாது. அப்பதான் கையெழுத்துப் போடுவேன்" என்றார். ஜெசிந்தா மூடியைப் பற்றிக் கேட்க ஓடிவருவதற்குள் ஜீப்பின் புழுதிதான் மிச்சம்.

படத்தில் புல் இருந்தது, போட்டார்கள். பெஞ்சு இருந்தது, போட்டார்கள். அழகுக்காகச் சில மனிதர்களையும் வரைந்திருந்தார்கள். அங்கேதான் சங்கத்துக்கு வேர்த்தது.

குடை பிடித்த பெண்ணாக நிற்க நகரில் ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. கடைசியில் செயலாளர் சவரிமுத்து மனைவியின் சேலையைச் சுற்றிக்கொண்டு, மீசையோடு குடையை விரித்து நின்றார். நாயோடு நிற்கிற கிழவர் தலைவர் கோமதிநாயகம் என்று ஏகமனதாக முடிவானது. படத்து நாய் வெள்ளை; தெருநாய் கறுப்பு. சுண்ணாம்பு அடித்தார்கள். நாய் தலைவரைக் கடித்தது. கடிக்கிற மாதிரி படத்தில் இல்லை என்று அதற்கு எடுத்துச் சொல்லப்பட்டது.

தொட்டி இருக்கும் இடத்தில் ஒரு கட்டமும் அதன் குறுக்கே இரண்டு கோடுகளும் இருந்தன. தொட்டி வாயில் இரண்டு மூங்கிலைக் குறுக்கே போட்டுக் கட்டி, தள்ளி நின்று ரசித்தார்கள்.

"அண்ணாச்சி, இந்தச் சந்துக்குள்ள என் பிள்ளை மட்டுமில்ல, நீங்களே விழுந்துருவீங்க" என்றாள் ஜெசிந்தா.

கோமதிநாயகம் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "படத்துல மூடி இல்லையே, தங்கச்சி."

"பிள்ளை விழுந்த மாதிரியும் படத்துல இல்லையே."

தலைவர் அசந்துபோனார். "சரியான பாயிண்டு. ஆகையினால பிள்ளைங்க யாரும் விழக் கூடாதுன்னு ஒரு தீர்மானம் போட்டுருவோம்."

போட்டார்கள். ரெமிக்கு இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாததால், மறுநாள் சுண்ணாம்பு நாயைத் துரத்திக்கொண்டு மூங்கில்வரை போய்விட்டான். ஜெசிந்தா பாய்ந்து அவன் டவுசரைப் பிடித்தபோது ஒரு கால் தண்ணீருக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. அவனைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டுக்குள் விட்டுக் கதவைத் தாழிட்டாள்.

அன்றைக்கே ஒரு காரியம் செய்தாள். கான்வென்டில் டிராயிங்குக்குப் பரிசு வாங்கியவள். சங்கம் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, படத்துக் கட்டத்தின் மேல் பென்சிலால் கனத்த மூடி ஒன்றை வரைந்து, கீழே இருந்த கோடு துளியும் தெரியாதபடி அடர்த்தியாகத் தீட்டிவிட்டாள்.

திரும்பி வந்தவர்கள் திகைத்தார்கள்.

"காலையில இது இல்லையே வே" என்றார் சவரிமுத்து.

"காலையில நீரு கண்ணாடி போடல" என்றார் தலைவர்.

கான்கிரீட்டில் மூடி வார்த்து, ஆள் வைத்துத் தூக்கி மூடினார்கள். ஜெசிந்தா பெருமூச்சு விட்டாள். விட்ட மூச்சு முடிவதற்குள் துணைத்தலைவர் பிச்சைக்கண்ணு தலையைச் சொறிந்தார்.

"அண்ணாச்சி, மூடி இருக்கு, சரி. தொட்டி எங்க?"

எல்லோரும் படத்தில் தேடினார்கள். மூடி தெரிந்தது, தொட்டி தெரியவில்லை. படத்தைக் கிழித்தெடுத்துப் பின்பக்கமும் பார்த்தார்கள். வெள்ளைத்தாள்தான்.

"இல்லாதது இருக்கக் கூடாது" என்றார் கோமதிநாயகம், தீர்ப்புச் சொல்கிற குரலில்.

மூடியைத் தூக்கினார்கள். லாரி மணல் கொண்டுவந்து தொட்டியைத் தூர்த்து, திம்ஸுக் கட்டையால் இடித்துக் கெட்டியாக்கி, மறுபடி மூடினார்கள். ரெமி அதன்மேல் ஏறிக் குதித்தான். ஜெசிந்தா வெகுகாலத்துக்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

விடிந்தால் நகரில் ஒரு குழாயிலும் தண்ணீர் இல்லை. சனமெல்லாம் குடத்தோடு மோட்டார் ரூமைச் சூழ்ந்துகொண்டது. ஜெசிந்தாவும் குடத்தோடு வந்தாள். தண்ணீர் கேட்டால் தொட்டியைத் தோண்டிவிடுவார்களே என்று உறைத்ததும், குடத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ரெமியை இடுப்பில் இறுக்கினாள்.

கோமதிநாயகம் பதறவில்லை. படத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்.

"எல்லாரும் நல்லாப் பாருங்க. இதுல ஒருத்தர் கையிலயாவது குடம் இருக்கா?"

சனம் எட்டி எட்டிப் பார்த்தது. இல்லைதான். நியாயமாகவே பட்டது. முணுமுணுப்பு அடங்கி, எல்லோரும் குடத்தை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஆளுக்கொரு குடையோடு திரும்பி வந்தார்கள்.